பெண்ணோடு சேர்த்து உப்புக்களமும்

எஸ்கில் மகள் குன்வாராவை ஒரு நார்மன்காரன் மயக்கிக் கெடுத்துவிட்டான் என்று எங்கள் கடற்கரையில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிய வாய் மூடுவதற்குள் பன்றித் தொடையை எடுத்து, அவள் காய்ச்சிய உப்பில் புரட்டி, புகைக்கூண்டில் தொங்கவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். நடந்தது அதுவல்ல. உல்மர்பியில் அப்போது இருந்த எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். பார்த்தவர்களே மாற்றிச் சொல்வதை என்னவென்று சொல்ல?

எங்கள் ஊரான உல்மர்பி, ஹம்பர் ஆறு கடலில் விழும் இடத்துக்குத் தெற்கே, சதுப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. எஸ்கிலுக்குக் கடல் தடுப்புக் கரையை ஒட்டி ஓர் உப்புக்களம் இருந்தது. ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அதில்தான் வேலை. நார்வே ராஜா கப்பல்களோடு வடக்கே வந்து இறங்கிய இலையுதிர் காலத்தில், எஸ்கில் கோடரியை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனான். திரும்பவில்லை. அப்பன் உடலைத் தேடக்கூட நேரமில்லாமல் மகன் ஹால்டன் எங்கள் ராஜாவின் படையோடு தெற்கே ஓடினான். நார்மன்காரர்கள் கடல் தாண்டி வந்திருந்தார்கள். அங்கே ஒரு மலைச்சரிவில் அவனும் விழுந்தான். அப்பனும் மகனும் ஒரு மாதத்துக்குள், நாட்டின் இரண்டு முனைகளில். மிஞ்சியது தாய் இங்கிரித்தும் மகள் குன்வாராவும்தான்.

குன்வாரா அழுதுகொண்டு உட்காரவில்லை. உட்கார முடியாது. வேனில் வந்து பெரிய அலை ஏறி இறங்கினால் மணற்பரப்பு வெயிலில் வெளுத்து, மேலே பனி படிந்ததுபோல் உப்பு பூக்கும். மழை வருவதற்குள் அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். மாட்டில் பலகையைக் கட்டி இழுத்து மணலை வாருவார்கள். களிமண் பூசிய தொட்டியில் வைக்கோலும், சதுப்பில் வெட்டியெடுத்து விறகாகவும் எரிக்கிற கரிமண் கட்டியும் பரப்பி, அதன்மேல் மணலைக் கொட்டி, கடல்நீரை ஊற்றுவார்கள். அடியில் சொட்டுச் சொட்டாக இறங்கும் கடுநீரை ஈயத் தட்டுகளில் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். கொட்டகைக்குள் புகையும் ஆவியும் சேர்ந்து கண்ணைப் பிடுங்கும். கைவெடிப்பில் உப்பு ஏறினால் தூக்கம் வராது. வாற்கோதுமை ரொட்டி, சுட்ட விலாங்கு, புளித்த மோர். சாப்பாடு களத்திலேயேதான். குன்வாரா இத்தனையையும் செய்துகொண்டு, வேலைக்கு வருகிறவர்களையும் அதட்டி நடத்துவாள். அவள் குரல் கடற்காகத்துக்கே பதில் சொல்லும்.

சண்டையில் வென்று முடிசூடிய நார்மன்காரரான புதிய ராஜா எங்கள் பகுதியை ஒரு பிரபுவுக்குக் கொடுத்தார். பிரபுவை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய காரியக்காரன் ஹமோதான் வந்தான். மண்ணைக் கூட்டி மேடாக்கி, மேலே மரக்கோட்டை கட்டினான். மண் சுமந்தது எங்கள் ஊர்த் தோள்கள். தெற்கே மலையில் புதிய ராஜாவை எதிர்த்து நின்றவர்களின் நிலமெல்லாம் பிரபுவுக்கு என்று அறிவித்தான். ஆனால் உப்புக்களம் ஹால்டன் பெயரில் இல்லை. அவன் அப்பன் எஸ்கில் பெயரில் இருந்தது. எஸ்கில் செத்தது நார்வேக்காரனோடு சண்டையிட்டு. சுற்று ஊர்கள் கூடி வழக்குத் தீர்க்கும் வட்டச் சபையில் பெரியவர்கள் எழுந்து ஆணையிட்டு அதைச் சொன்னார்கள். பழைய சட்டம் செல்லும் என்று புதிய ராஜாவே வாக்குக் கொடுத்திருந்ததால் ஹமோவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. களம் குன்வாராவுக்கே நின்றது. ஹமோ பல்லைக் கடித்துக்கொண்டு, பிரபுவின் பங்கு உப்பைப் பார்த்து வாங்க ஒரு காவல்காரனை மட்டும் களத்துக்கு அனுப்பினான்.

அந்தக் காவல்காரன்தான் அன்ஃப்ரே. குதிரை இல்லாத சாதாரண ஈட்டிக்காரன். நார்மன்காரர்கள் எல்லோரையும் போலப் பிடரியைச் சிரைத்திருந்தான். வெயில் பட்டு அந்தப் பிடரி சிவந்து தோலுரிந்து கிடக்கும். எங்கள் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "உரிச்ச வாத்து வருது பாருங்கட்டி," என்று அவன் காதுபடவே சொல்வார்கள். எங்கள் பேச்சு அவனுக்கு அரைகுறை. வந்த சில நாள் சும்மா நின்று பார்த்தான். பிறகு பொறுக்க முடியாமல் ஈட்டியை மணலில் குத்திவிட்டுக் குன்வாராவிடம் வந்தான்.

"ஏய், நீங்க! மணல் தப்பா வாருறான்!"

குன்வாரா நிமிர்ந்தாள். "எவன் வாருறான்? இங்க எவன் இருக்கான்? நான் பொம்பளை. 'வாருதா'ன்னு சொல்லணும்."

"வாருதா," என்று அவன் பணிவாகத் திருத்திக்கொண்டான். "தப்பா வாருதா."

களமே சிரித்தது. குன்வாரா சிரிக்கவில்லை. "உனக்கு என்ன தெரியும் உப்பைப் பத்தி?"

"என் ஊர்லயும் கடல். என் ஊர்லயும் மணல். என் அம்மா, அக்கா, எல்லாம் வாருறான். ஆழமா வேண்டாம். மேல் தோல் மட்டும். ஆழமா போனா மண்ணுதான் நிறைய வரும், உப்பு இல்ல."

"உங்க ஊர்லதான் உப்பு இருக்கே, பின்ன இங்க எதுக்கு வந்து எங்க தாலியறுக்க?"

"பிரபு வா சொன்னார். வந்தேன்."

"செத்துப் போன்னா?"

"அதுக்கும்தான் வந்தேன்," என்றான்.

பலகையைத் திருப்பிப் போட்டாள். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் பலகையின் விளிம்பை அவள் லேசாக உயர்த்திக் கட்டியதை நாங்கள் பார்த்தோம்.

அதன்பிறகு தினமும் சண்டைதான். கடுநீர் பதமாகிவிட்டதா என்று பார்க்க நாங்கள் கோழி முட்டையை மிதக்கவிடுவோம். முட்டை மிதந்தால் போதும் என்பாள் அவள். முட்டையின் தலை கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே தெரிய வேண்டும் என்பான் அவன். "எங்க ஊர் முட்டை எங்களுக்குத் தெரியும், போடா," என்பாள். "முட்டைக்கு ஊர் இல்லை," என்பான். கரிமண் கட்டி சுமக்க ஆள் குறைந்த நாளில் அவனே கூடையைத் தூக்கினான். பார்த்து நிற்க வேண்டியவன் ஏன் சுமக்கிறான் என்று கேட்டதற்கு, நின்றால் குளிருகிறது என்றான். வேனிலிலா குளிருகிறது?

எப்போது அது வேறாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. குன்வாரா தன் ரொட்டியில் பாதியை எதுவும் சொல்லாமல் அவன் பக்கம் தள்ளிவைக்க ஆரம்பித்தாள். அவன் 'நீங்க', 'நீ' இரண்டையும் குழப்புவதை அவள் திருத்துவதை நிறுத்திவிட்டாள். அந்த மலைச்சரிவில் நீ இருந்தாயா என்ற ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்கவேயில்லை. கேட்டால் அவன் பொய் சொல்லமாட்டான் என்ற பயம்.

ஆலங்கட்டி மழை கொட்டிய ஒரு பகலில், கரிமண் கொட்டகைக்குள் இருவரும் ஒதுங்கியபோது கையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றிலிருந்து நீ என் மனைவி என்று அவனும், நீ என் புருஷன் என்று அவளும் சொல்லிக்கொண்டார்கள். பாதிரியாரும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டால் கடவுள் முன்னால் அது கல்யாணம்தான். அந்த நேரத்தில் குன்வாராவுக்கு நிலம் நினைவிலேயே இல்லை.

ஹமோவுக்குத்தான் அந்த நினைவு போகவில்லை. களத்தில் நடப்பதையும், கொட்டகைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டதையும் அவன் காதில் யாரோ ஓதினார்கள். யார் ஓதினார்களோ, அது எங்கள் ஊர் வாய்தான். கேட்டதும் ஹமோ சிரித்தானாம். அன்ஃப்ரேயைக் கூப்பிட்டு முதுகில் தட்டினானாம்.

அன்ஃப்ரே களத்துக்கு ஓடியே வந்தான். குன்வாரா கொதிக்கிற தட்டில் நுரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"குன்வாரா! நமக்குக் கல்யாணம்! ஹமோ சரி சொன்னார். தேவாலய வாசல்ல, எல்லார் முன்னாடி!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஹமோவுக்கு நம்ம மேல என்ன திடீர்ப் பிரியம்?"

"பிரியம் இல்ல. எனக்குக் களம் குடுக்கறார். பிரபுவோட ஆளா நான் வச்சிருப்பேன்."

"எந்தக் களம்?"

"இந்தக் களம்."

"இந்தக் களத்தை அவன் எப்படிக் குடுப்பான்? இதுதான் ஏற்கெனவே என்கிட்ட இருக்கே."

"நீங்க என் பொண்டாட்டி. அப்ப அது நம்ம களம்."

"நம்மன்னு நீ சொல்லுத. அவன் எப்படிச் சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்லு."

அன்ஃப்ரேயின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. "பெண்ணோடு சேர்த்து உப்புக்களமும், அப்படீன்னு சொன்னார்."

"கேட்டியா?" குன்வாரா களத்தில் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பொண்ணோட சேத்து! மாட்டோட சேத்துக் கயிறு குடுக்கிற மாதிரி. இல்ல, அதுகூட இல்ல. மாடு களம்தான், கயிறுதான் நான். இந்தா நிக்காங்களே இத்தனை பேரு, இவங்க நாளைலருந்து யார் வேலைக்காரங்க? என் அப்பாவோட பங்காளியா இருந்தவங்க பிரபுவுக்குக் கூலியில்லாம உழைக்கணும். அதுக்கு நான் தலையில பூ வச்சிக்கிட்டு வந்து நிக்கணுமா?"

"நான் நல்லா பாத்துக்குவேன். அடிக்க மாட்டேன் யாரையும்."

"நீ அடிக்க மாட்ட. உன்னை வேண்டாம்னு ஹமோ அடுத்தவனுக்குக் குடுத்தா? அவன்?"

காற்று மாறி, புகை இருவர் முகத்திலும் அடித்தது. இருவரும் நகரவில்லை.

"நீங்க என்னை வேண்டாம்னு சொல்லுதியா?"

"நீ வேணும்டா. இந்தக் கல்யாணம் வேண்டாம். ரெண்டும் ஒண்ணுன்னு உனக்குத் தோணுச்சுன்னா, நீயும் அந்த மேட்டு மேல இருக்கிறவன் ஆளுதான். ஈட்டியை எடுத்துக்கிட்டுப் போயிரு."

அவன் ஈட்டியை எடுத்துக்கொண்டு போனான். தடுப்புக் கரைமேல் போய் உட்கார்ந்தவன் அலை ஏறி இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ஊர் இப்போது வாயைத் திறந்தது. எஸ்கிலின் தம்பி தோலி, குன்வாராவின் சித்தப்பா, நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அண்ணன் செத்தபின் ஒரு கூடை கரிமண்கூட அந்த வீட்டுக்குக் கொண்டுவராதவர். இங்கிரித் பூண்டுத்தாள் போட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, குடும்ப மானத்தை மேட்டுல ஏத்திட்டியே. உங்க அண்ணனைக் கொன்னவன்கூட..."

"விசயத்துக்கு வாங்க, சித்தப்பா."

"கன்னிமடத்துக்குப் போயிரு. அங்க உன்னை எந்த நார்மன்காரனும் தொட முடியாது. எத்தனை பெரிய வீட்டுப் பொண்ணுக போயிருக்கு! களத்தை நான் பாத்துக்கிடுதேன்."

குன்வாரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹமோவாவது களத்தை எடுத்துக்கிட்டு எனக்கு ஒரு புருஷனைத் தாரேன்னான். நீங்க அதுகூட இல்லாமக் கேக்கிய."

இங்கிரித் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். மகன் செத்தபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. தோலி மேலங்கியை உதறிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் அவள் பெயரை நாறடித்துக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஹமோ ஆட்களோடு தேவாலய வாசலுக்கு வந்து, குன்வாராவை அழைத்துவரச் சொன்னான். ஊரே கூடிவிட்டது. கடலிலிருந்து மூடுபனி ஏறி, கல்லறைச் சிலுவைகள் பாதி மறைந்து நின்றன. அன்ஃப்ரே புதுச் சட்டையில் நின்றான். அதை ஹமோ கொடுத்திருந்தான். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதிரியார் செவோல் எங்கள் ஊர்க்காரர். கோழை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் விரும்பாத ஆணுக்கு எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்திக் கட்டிவைக்கக் கூடாது என்பது பழைய ராஜா காலத்துச் சட்டம் என்றும், அதனால் பெண் வாயால் சொன்னால்தான் ஆகும் என்றும் சொன்னார். பிறகு கேட்டார்.

"எஸ்கில் மகள் குன்வாரா, இந்த அன்ஃப்ரேயைப் புருஷனா ஏத்துக்கிடுதியாம்மா?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவள் பட்ட பாடு முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அன்ஃப்ரே தலையை உயர்த்தவில்லை.

ஹமோ இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். எங்கள் பேச்சு அவனுக்குக் கட்டளையிடுகிற அளவுக்குத் தெரியும். "இல்லையா? இவ ஏற்கெனவே இவன் பொண்டாட்டி. கொட்டகையில கை பிடிச்சுச் சொன்னாங்க. இனி இவ 'இல்ல'க்கு மதிப்பு இல்ல. அன்ஃப்ரே! வா. புனிதர் எலும்புப் பெட்டி மேல கை வச்சு ஆணையிடு. நடந்ததைச் சொல்லு. பொய் சொல்ல வேண்டாம். உண்மை போதும்."

எவ்வளவு வசதி, பாருங்கள். உண்மை போதுமாம்! இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கி மனசைத் திறந்து சொல்லிக்கொண்டதை எடுத்து, ஒரு ஊர் வயிற்றில் அடிக்கிற கோலாகச் செய்துவைத்திருந்தான். இதைச் செய்கிறவன் தினமும் ஜெபம் செய்கிறவன்.

அன்ஃப்ரே பெட்டியின் அருகே போனான். அப்போதுதான் குன்வாராவைப் பார்த்தான். அவள் எதுவும் ஜாடை காட்டவில்லை. கெஞ்சவில்லை. அப்படியே நின்றாள்.

"வைக்க மாட்டேன்," என்றான் அன்ஃப்ரே.

"அப்ப நடக்கலைன்னு சொல்லுறியா?"

"அதையும் சொல்லலை."

"பின்ன என்னடா சொல்லுற?"

அன்ஃப்ரே வேண்டுமென்றே எங்கள் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி, சொல் சொல்லாகச் சொன்னான். "என் வாய்க்குள்ள இருக்கிறது எனக்கும் அவளுக்கும். நிலத்துக்கு இல்ல."

ஹமோ அவனை அங்கேயே தேவாலயச் சுவரோடு சேர்த்துக் கட்டச் சொன்னான். புதுச் சட்டையைக் கிழித்து, குதிரைவாரால் அடித்தார்கள். அடித்தவர்கள் அவனோடு ஒரே பானையில் தின்றவர்கள். பிறகு அவன் இடைவாரையும் கத்தியையும் செருப்பையும் பிடுங்கிக்கொண்டு, இனி இவன் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூடுபனிக்குள் குதிரைச் சத்தம் தேய்ந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வயதிலும் ஆறாதது. அவனால் பிழைத்த ஊர் அது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் களமும் வேலையும் கையைவிட்டுப் போயிருக்கும். அந்த ஊர் அவன்மீது சேற்றை அள்ளி எறிந்தது. ஒரு கிழவி துப்பினாள். "பிடரி சிரைச்ச நாயே, உன் ஆளுகளே உன்னை விரட்டிட்டாங்களா?" என்று ஒருவன் கத்தினான். குன்வாரா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், கட்டை அவிழ்த்து, தன் போர்வையை அவன்மேல் போட்டு, பட்டப்பகலில் அவன் தோளைத் தாங்கித் தெரு வழியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சேறு எறிந்த கைகள் தாழ்ந்தன.

வீட்டில் இங்கிரித் வாசலை மறித்து நின்றாள்.

"அவனை அங்கேயே நிறுத்து. தம்பி, ஒண்ணு கேக்கேன். எம் மவன் ஹால்டன் தெக்க மலையில செத்தான். அன்னைக்கு நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன், அம்மா."

"எம் மவனைக் கொன்னது நீயா?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "தெரியாது. முகம் பார்க்கலை. எல்லாம் தூசி. நான் குத்தினேன். யாருன்னு தெரியாது."

இங்கிரித் அவனைத் திருப்பி, முதுகைப் பார்த்தாள்.

"இல்லவே இல்லன்னு சொல்லியிருந்தா விரட்டியிருப்பேன்," என்றாள் இங்கிரித். வழியை விட்டாள். வெந்நீர் வைத்து, பன்றி நெய்யும் பச்சிலையும் சேர்த்து அவன் முதுகில் தடவினாள். தடவும்போது வாய்க்குள் ஜெபம் சொன்னாள். மகனுக்காகவா, இவனுக்காகவா என்று குன்வாரா கேட்கவில்லை. கஞ்சியை அவனுக்கு ஊட்டிவிட்டுவிட்டு, இங்கிரித் வெளியே போய் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாளே தோலி ஊர் ஆண்களோடு வந்தார்.

"இவன் இந்தக் கூரைக்குள்ள இருந்தா அதுவே சாட்சி. புருஷன் பொண்டாட்டின்னு சொல்லி ஹமோ திரும்ப வருவான். அவனா, களமா? இப்பவே சொல்லிரு."

"அவனாவா, களமாவா?" குன்வாரா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். "இப்படிக் கேக்க உங்களுக்கு நாக்கு கூசலையா? களம் இன்னைக்கு நம்ம கையில நிக்கிறது யாரால? உங்க ஆணையாலயா? இவன் முதுகுத் தோலால. நேத்து சேறு எறிஞ்சியளே, அதுல எத்தனை பேரு வீட்டுப் பானை என் களத்தால கொதிக்குது?"

வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் போகவும் இல்லை.

வட்டச் சபை கூடிய நாளில் குன்வாரா களத்தின் விளிம்பிலிருந்து ஒரு புல்கட்டியை வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். நிலம் கைமாறுவதற்கு அடையாளமாக, எல்லோர் முன்னிலையிலும் அதைத் தோலியின் கையில் வைத்தாள். தோலிக்கு மட்டுமல்ல, களத்தில் உழைக்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவில் கொடுக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லி, சாட்சிகளைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். ஹமோ அங்கே இருந்தான். நிலமில்லாத பெண்ணைக் கட்டிவைத்து என்ன பயன்? முகம் கடுக்க எழுந்து போனான்.

கொடுத்த கையின் ஈரம் காய்வதற்குள் ஊர் தன் புத்தியைக் காட்டியது. களம்தான் வந்துவிட்டதே. இனி அந்த நார்மன்காரனோடு ஊருக்குள் இருக்க வேண்டாம் என்று தோலி வீட்டு வாசலில் வந்து சொன்னார். பொதுவில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவாம். குன்வாரா மூட்டை கட்டினாள். ஈயத் தட்டு ஒன்று, மண்வெட்டி, இரண்டு கம்பளி. இங்கிரித் தன் கோழிகளைக் கூடைக்குள் அமுக்கினாள்.

"நீ எதுக்கும்மா வாற? உன்னை யாரும் போகச் சொல்லலையே."

"இந்த மூஞ்சிகளைத் தினமும் பாத்துக்கிட்டு நான் எங்க இருக்க?" என்றாள் இங்கிரித்.

தடுப்புக் கரைக்கு வெளியே, மணற்பரப்பின் நடுவில் ஒரு மேடு உண்டு. முந்தைய காலத்தில் உப்புக் காய்ச்சியவர்கள் கழித்துக் கொட்டிய மணல் குவிந்து உயர்ந்தது. அலை ஏறினால் அது தீவாகிவிடும். பிரபுவுக்கும் வேண்டாம், ஊருக்கும் வேண்டாம் என்று கிடந்த இடம். அங்கே மூன்று பேரும் புல் வேய்ந்து ஒரு குடிசை போட்டார்கள். அலை வடிந்த நேரம் பார்த்துப் பாதிரியார் செவோல் முழங்கால் சேற்றோடு நடந்து வந்து, ஆசீர்வதித்துவிட்டு, ஒரு கோப்பை மோர் குடித்துவிட்டுப் போனார். அதுதான் அவர்கள் கல்யாணம்.

குளிர்காலத்தில் கடற்காற்று கூரையைப் பிய்த்தது. நண்டும் சிப்பியும் தின்றார்கள். வேனில் வந்ததும் மணலைச் சுரண்டினார்கள். பலகை விளிம்பை எவ்வளவு உயர்த்துவது என்று அப்போதும் சண்டை போட்டார்கள். காய்ச்சிய உப்பை மீன்பிடிப் படகுக்காரர்களிடம் கொடுத்து வாற்கோதுமை வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் படகுக்காரர்களிடமிருந்து அதே உப்பை வாங்கினார்கள். யார் காய்ச்சியது என்று தெரியாததுபோல் இருந்துகொண்டார்கள்.

அதற்கு அடுத்த இலையுதிர் காலத்தில் டேனியக் கப்பல்கள் ஹம்பருக்குள் நுழைந்தன. வடக்கே புதிய ராஜாவை எதிர்த்துக் கலகம். கரையோர ஊர்கள் டேனியர்களுக்குச் சோறு போட்டன என்று பழி. ஹமோ ஆட்களோடு உல்மர்பிக்குள் புகுந்து, வீடு வீடாகத் தீ வைத்தான். களத்துத் தொட்டிகளை உடைத்தான். ஈயத் தட்டுகளை வண்டியில் ஏற்றினான். களம் இன்றிலிருந்து பிரபுவுக்கு என்றான். சபை இல்லை, ஆணை இல்லை, சாட்சி இல்லை, எலும்புப் பெட்டி இல்லை. தீப்பந்தம் மட்டும்தான். இவ்வளவு சுலபமாக எடுக்க முடிந்ததை எடுப்பதற்கா அத்தனை நாள் ஒரு பெண்ணின் மனசைத் தெருவில் போட்டு இழுத்தார்கள்? ஒரு மனிதன் முதுகை உரித்தார்கள்?

ஓட வேறு திசை இல்லாமல் ஊர்க்காரர்கள் மணற்பரப்புக்குள் இறங்கினார்கள். அந்த இளகிய மணலில் குதிரை வராது என்று தெரியும். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மூட்டைகளோடு குன்வாராவின் மேட்டை நோக்கி நடந்தார்கள். மேட்டுக்குச் சற்று முன்னால் ஓர் ஓடை குறுக்கே ஓடும். அது தடம் மாறிக்கொண்டே இருக்கும். எங்கே கால் வைத்தால் நிற்கும் என்பது அங்கேயே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஊர் ஓடைக்கரையில் வந்து நின்றபோது அலை ஏற ஆரம்பித்திருந்தது. பின்னால் புகை. முன்னால் தண்ணீர்.

மேட்டிலிருந்து மூன்று பேரும் பார்த்தார்கள். அன்ஃப்ரே கயிற்றுச் சுருளை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"நில்லு," என்றாள் குன்வாரா.

"தண்ணி ஏறுது."

"எனக்கும் கண்ணு இருக்கு. அவங்க யாரைக் கூப்பிடுதாங்கன்னு கேளு."

"குன்வாரா! ஏட்டி குன்வாரா! கயிறு போடுட்டி!" தோலியின் குரல் காற்றில் பிய்ந்து வந்தது.

குன்வாரா விளிம்புக்கு இறங்கி, கைகளை வாயில் குவித்துக் கத்தினாள். "நான் கயிறு பிடிப்பேன். ஓடைக்குள்ள இறங்கித் தடம் காட்டுறது நான் இல்ல. இறங்குறவனைக் கூப்பிடுங்க! பேர் சொல்லிக் கூப்பிடுங்க!"

இத்தனை காலத்தில் உல்மர்பியில் ஒருவரும் அவன் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. சிலருக்கு அந்தப் பெயரே நினைவில் இல்லை. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. தோலி தண்ணீர் விளிம்புக்கு வந்தார்.

"அம்... அம்ப்ரி!" என்று கத்தினார். "ஏ அம்ப்ரி! வாப்பா! புள்ளைக நிக்குதுப்பா!"

அவர் முடிக்கும்வரை அன்ஃப்ரே காத்திருக்கவில்லை. கயிற்றின் நுனியைக் குன்வாராவிடம் வீசிவிட்டு ஏற்கெனவே இடுப்பளவுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தடம் மாற்றி மாற்றிக் கூட்டிவந்தான். முதலில் குழந்தைகள், பிறகு பெண்கள், பிறகு நடக்க முடியாதவர்கள். இங்கிரித் ஒவ்வொருவரையும் கம்பளியால் துடைத்து அடுப்புப் பக்கம் தள்ளிவிட்டாள். குன்வாராவின் உள்ளங்கைகளில் கயிறு அறுத்து இரத்தம் வந்தது. அவள் பிடியை விடவில்லை.

கடைசியாகத் தோலி வந்தார். மேட்டின் விளிம்பு வழுக்கியது. கால் பாவாமல் தத்தளித்து, மேலே நின்ற குன்வாராவை நோக்கிக் கையை நீட்டினார். "பிடிம்மா."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தொடவில்லை.

"அவன் கையைப் பிடிச்சு ஏறுங்க, சித்தப்பா."

தோலி திரும்பினார். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றபடி அன்ஃப்ரே கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவர் பிடித்தார்.